கூறை உடுத்தும் கை

கல்லடி,
10.06.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

கல்யாணம் ஆவணியில்தான். அதற்கு முன் உங்களை இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. 'சீதேவி அக்கா' என்று எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு மேல்வகுப்பில் படித்த யாருக்கோ எழுதுவது போல இருந்தது. வெட்டிவிட்டேன்.

இரண்டு முறை உங்களுக்குப் போன் எடுத்தேன். இரண்டு முறையும் "ஓம்", "ஓம்", "வைக்கட்டா" என்று முடித்துவிட்டீர்கள். குறை சொல்லவில்லை. எனக்கும் போனில் பேச வராது. நான் போனை எடுத்தால் எங்கள் வீட்டில் மற்றவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அதனால்தான் கடிதம். உங்கள் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை என்று நம்புகிறேன்.

நேற்று அவர் புளியந்தீவுக்கு வேலையாக வந்தவர், நான் வேலை செய்யும் நூலகத்துக்கும் வந்தார். நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு நின்றேன். வந்தவர் ஒரு பழைய சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"அக்கா வரமாட்டாவாம்."

"எங்க?"

"கல்யாணத்துக்கு."

"ஆர்ட கல்யாணத்துக்கு?"

"எங்கட கல்யாணத்துக்குத்தான். வேற ஆர்ட?"

அவர் சிரிக்கவில்லை. நீங்கள் கூறைச் சேலை எடுக்க ஏறாவூருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தீர்களாம். "கூறையைப் பெரியம்மா எடுக்கட்டும். மணவறைப் பக்கம் நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டுத் தையல் மெசினில் குந்திவிட்டீர்களாம். ஏன் என்று கேட்டால் மெசினை மிதிக்கிறீர்களாம்.

தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்தவர் நீங்கள். கல்யாணத்தன்று என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கூறை உடுத்திவிட வேண்டியவரும் நீங்கள்தான். மாப்பிள்ளையின் சகோதரிதானே அதைச் செய்வது. எங்கள் பக்கத்தில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? சொல்லியிருந்தால் யார், என்ன என்று எழுதுங்கள். நான் சண்டைக்காரி இல்லை. ஆனால் தெரியாமல் இருக்க ஏலாது.

சட்டை தைக்க அளவுக்கு என் பழைய சட்டை ஒன்றை இதோடு அனுப்புகிறேன். மறந்துவிட்டேன், அப்பா ஒன்று சொல்லச் சொன்னார். எங்கள் புது வீட்டுக்குப் பச்சைத் தகடே போட்டாயிற்றாம். உங்கள் விருப்பப்படி.

அன்புடன்,
தக்ஷாயினி


உன்னிச்சை,
16.06.2024

அன்புள்ள தக்ஷாயினிக்கு,

கடிதம் கிடைத்தது. சட்டையும் கிடைத்தது. கை இறுக்கமாக இருந்திருக்கும் போல, தையல் ஓரம் இழுபட்டிருக்கிறது. கொஞ்சம் தளர்த்தித் தைக்கிறேன்.

எனக்கு ஒருவர் மீதும் கோபம் இல்லை. உங்கள் அப்பா சொன்னது சரிதான். கடைக்குப் போவதற்கு முன்பே நான் யோசித்திருக்க வேண்டும்.

யார், என்ன என்று கேட்டதால் எழுதுகிறேன். ஹமீட் காக்காவின் கடையில் காஞ்சிபுரம் நிறைய விரித்துக் காட்டினார்கள். சிவப்புதான் அதிகம். நான் நல்ல இலைப் பச்சையில் ஒன்று பார்த்தேன். அரக்குக் கரை. முந்தானையில் சரிகை நெருக்கமாக ஓடி, உடம்பில் சின்னப் பூவாகச் சிதறியிருந்தது. உங்கள் நிறத்துக்கு அது நிற்கும் என்று நினைத்தேன். ஆனால் சிவப்பு இல்லையே, பெண் வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பயம். பெரியவர்களைக் கேட்பதுதான் முறை என்று உங்கள் அப்பாவின் போனுக்கு எழுதிக் கேட்டேன். பெண் முன்கூட்டிப் பார்க்கக்கூடாது என்று படம் அனுப்பவில்லை.

உடனே பதில் வந்தது. "அதெல்லாம் நாங்களே பாத்துக்குவம். அதுக்கு நிறம் சொல்ல நீங்க ஆரு?"

ஹமீட் காக்கா, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். "அவங்களே எடுக்கிறாங்களாம்" என்றேன். கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் என்று அவருக்குத் தெரியாதா? சேலையை மடிக்கத் தொடங்கினார். மறு முனையை நான் பிடித்துக் கொடுத்தேன். அந்த நேரம் கைக்கு ஒரு வேலை தேவையாக இருந்தது.

என் நிலைமை உங்களுக்குத் தெரியும். ஊரில் எனக்குப் பின்னால் சொல்வார்கள். உங்கள் அப்பா நேரே சொன்னார். அது மேல்.

உங்கள் வீட்டுக்குப் பச்சைத் தகடு போட்டதை எனக்கு ஏன் எழுதினீர்கள் என்று விளங்கவில்லை. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் வீடு, உங்கள் விருப்பம்.

சட்டைத் துணி வந்ததும் தைத்து அனுப்புவேன்.

சீதேவி


கல்லடி,
21.06.2024

மச்சாள்,

இதை எங்காவது உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். பிறகு நேரே அப்பாவிடம் போனேன். அவர் புது வீட்டு முற்றத்தில், மணல் குவியலுக்குப் பக்கத்தில், மேசனுடன் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மச்சாளுக்கு நீங்க என்ன எழுதினீங்க?"

"அதுவா? அண்டைக்குக் கொஞ்சம் கோவத்தில எழுதிற்றன். மறுகா யோசிச்சன், பாவம், ஆசைப்பட்டுக் கேட்ட புள்ள. அதான் பச்சையே போடச் சொல்லிற்றன். இன்னும் என்ன?"

"எதுக்குப் பச்சை?"

"கூரைக்குத்தான். 'கூரை பச்சையில் எடுக்கட்டா' எண்டு அந்தப் புள்ளதான் கேட்டுது. உன்ட மாமன் ஓடு போடு எண்டான். இந்த மேசன் தகடு எண்டான். உன்ட அம்மா சிவப்பு எண்டா. அதுக்குள்ள மாப்பிள்ள வீட்டாரும்! நான் வீடு கட்டுறனா, கூட்டம் நடத்துறனா?"

"அப்பா, அது கூறை. வல்லின 'ற'. கல்யாணக் கூறை."

அப்பா போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எட்டிப் பிடித்து வாசித்தார். "இதுல சின்ன 'ர'தானே கிடக்கு" என்றார். நானும் பார்த்தேன். சின்ன 'ர'தான், மச்சாள். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டியிருப்பீர்கள். போன் தானாகவே தமிழாக்கி, கூறையைக் கூரையாக்கிவிட்டது. என் போனும் அதைத்தான் செய்கிறது. சோதித்துப் பார்த்தேன். நீங்கள் அங்கே சேலையை விரித்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள், இவர் இங்கே ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு பதில் எழுதியிருக்கிறார். வீடும் கூரையும் பெண் வீட்டார் பொறுப்பு, கூறையும் தாலியும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அவருடைய பொறுப்பில் நீங்கள் தலையிட்டதாக அவர் நினைத்தார்.

'ஊரில் எனக்குப் பின்னால் சொல்வார்கள், உங்கள் அப்பா நேரே சொன்னார்' என்று நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்படியே மணலில் குந்திவிட்டார். "அந்தப் புள்ள என்னைப் பத்தி என்ன நினைச்சிருக்கும்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். "பச்சைக் கூரை நல்லாத்தான் இருக்கு. பாலத்தில வாறவனுக்கும் தெரியுது, கிளிக்கூண்டு மாதிரி" என்கிறா.

அப்பா உடனே உன்னிச்சைக்கு வரப் புறப்பட்டார். முதலில் என் கடிதம் போகட்டும் என்று மறித்து வைத்திருக்கிறேன். எவ்வளவு நாளைக்கு மறிக்க முடியும் என்று தெரியாது.

அந்தப் பச்சைச் சேலையை நான் பார்க்கவில்லை. ஆனால் என் நிறத்துக்கு நிற்கும் என்று ஒருவர் நினைத்ததே எனக்குப் போதும். என்னைக் கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன்.

இனி வருவீர்கள்தானே?

தக்ஷாயினி


உன்னிச்சை,
30.06.2024

அன்புள்ள தக்ஷாயினிக்கு,

உன் அப்பா வந்து போனார். நீ மறித்தது பலிக்கவில்லை. ஒரு பை நிறைய மாம்பழத்தோடு படலையில் நின்றார். "உள்ள வாங்க" என்றால் வரமாட்டேன் என்கிறார். "புள்ள, நான் சின்ன 'ர'வால கெட்டன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அவரும் சிரித்தார். வெளி ஆள் ஒருவரின் முன்னால் நான் சிரித்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

அதனால் இனி நீ என்றே எழுதுகிறேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பிழை தீர்ந்துவிட்டது. ஆனால் நான் வரவில்லை, பிள்ளை.

அந்த வசனத்தைப் பார்த்தபோது, 'இப்படி ஒருவர் எழுதுவாரா, வேறு ஏதும் இருக்குமா' என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. கடையில் நின்று வாசித்தவுடனேயே நம்பிவிட்டேன். ஏனென்றால் அது எனக்குப் பழகின வசனம்தான். யாரும் வாயால் சொல்லாமல் இருந்தது, முதல்முறை எழுத்தில் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நிலோஜன் உனக்கு எவ்வளவு சொல்லியிருப்பான் என்று தெரியாது. அவர், சுதாகரன், 2012இல் அவுஸ்திரேலியாவுக்கு என்று வள்ளம் ஏறினார். "போய்ச் சேந்ததும் போன் எடுப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். எடுக்கவில்லை. அந்த வள்ளத்தில் போன ஒருவரும் எடுக்கவில்லை. கரை ஏறினதாகவும் செய்தி இல்லை, இல்லை என்றும் செய்தி இல்லை. நான் தாலியைக் கழற்றவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. கோயிலில் ஐயர் எல்லாருக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டு வருவார். என் முன்னால் வரும்போது மட்டும் அவர் கை கொஞ்சம் தயங்கும். பிறகு கொடுப்பார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெயர் மட்டும் சீதேவி.

ஒரு கல்யாணத்தில் நான் கூறைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு மாமி வந்து, "நீ இரு மனே, களைச்சுப் போயிருப்பாய்" என்று தட்டை வாங்கிக்கொண்டார். பிடுங்கியிருந்தால் நானும் கோபித்திருப்பேன். அன்பாகத்தான் வாங்கினார். அன்றிலிருந்து நானே ஒதுங்கிக்கொள்வது எல்லாருக்கும் வசதி.

நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. ஆனால் நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், நான் உடுத்திவிட்டதை யாரோ ஒருவர் நினைப்பார். சொல்லமாட்டார். நினைப்பார். மற்றவர்கள் நினைப்பதற்கு முன் நான் நினைப்பேன். நிலோஜனை வளர்த்த கை இது. அந்த வேலைக்கு இதைக் கொண்டுவர எனக்குப் பயம்.

பெரியம்மா சிவப்புக் கூறை எடுத்துவிட்டார். நல்ல சேலை, அகலச் சரிகைக் கரை. தைக்கச் சொல்லி என்னிடம்தான் தந்திருக்கிறார். பச்சை விற்றுப்போய்விட்டதாம். யாரோ ஒருத்திக்கு அது நிற்கட்டும்.

சீதேவி


கல்லடி,
08.07.2024

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன்.

நீங்கள் உடுத்திவிடாவிட்டால் நான் கூறை மாற்ற எழும்பமாட்டேன். தட்டைக் கையில் தரட்டும். வாங்கிக்கொண்டு மணவறையிலேயே இருப்பேன். சபை காத்திருக்கட்டும். ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்வேன். யாருக்கும் தீங்கு செய்யாத ஒருவரை, தன் பிழை ஒன்றும் இல்லாத ஒருவரை, ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை யாராவது ஒருவர் எங்காவது உடைக்கத்தானே வேண்டும்? அது என் கல்யாணமாக இருக்கட்டும். நான் படித்தவள், எனக்கு வேலை இருக்கிறது, உங்கள் தம்பியும் என் பக்கம்தான். எங்களால் முடியாவிட்டால் வேறு யாரால் முடியும்? இப்படியே எல்லாரும் பயந்து பயந்து இருந்தால் இது எப்போது மாறும்?

நீங்கள் பயப்பட வேண்டாம். முன்னால் நான் நிற்கிறேன்.

உங்கள்,
தக்ஷாயினி


உன்னிச்சை,
13.07.2024

தக்ஷாயினிக்கு,

சபை காத்திருக்கும். ஏன் என்று கேட்பார்கள். நீங்கள் காரணம் சொல்வீர்கள். அப்போது எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள். அதை யோசித்தீர்களா?

உங்களுக்கு அது ஒரு நாள். எனக்கு அதற்குப் பிறகும் இந்த ஊரில் இருக்க வேண்டும். இதே கடைக்குப் போக வேண்டும், இதே கிணற்றில் அள்ள வேண்டும்.

என்னை வைத்து எதையும் உடைக்க வேண்டாம்.

சட்டை தைத்து முடிந்தது. நிலோஜனிடம் கொடுத்துவிடுகிறேன்.

சீதேவி


கல்லடி,
21.07.2024

அன்புள்ள மச்சாள்,

மறுபடியும் 'நீங்கள்' ஆகிவிட்டேன். எனக்கு வேண்டியதுதான்.

அந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்கு என்னை நல்லாகப் பிடித்திருந்தது. எழுதி முடித்ததும் எழுந்து கொஞ்சம் நடந்தேன்கூட. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மன்னியுங்கள். அப்படி ஒன்றும் செய்யமாட்டேன். தட்டைத் தந்தால் எழும்பிப் போய் உடுத்திக்கொண்டு வருவேன், யார் உடுத்திவிட்டாலும்.

ஆனால் நான் ஏன் உங்களைக் கேட்டேன் என்பதை இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் அந்த வீரமெல்லாம் எழுதினேன் போலிருக்கிறது.

எனக்கு அந்த அறையை நினைத்தால் பயம், மச்சாள். என் சித்தப்பா மகளின் கல்யாணத்தில் நான் அந்த அறைக்குள் இருந்தேன். கதவு திறந்தபடி. பெண்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கொசுவம் மடிக்க, ஒருத்தி சட்டையின் பின்பக்கக் கொக்கி போட, ஒருத்தி "என்னகா, இவ்வளவு மெலிவு" என்று இடுப்பைத் தொட்டுச் சொல்ல, வீடியோக்காரனின் வெளிச்சம் கதவுக்குள் எட்டிப் பார்க்க, "பொம்புளையளுக்குள்ள என்ன வெக்கம்" என்று எல்லாரும் சிரிக்க, அவளும் சிரித்தாள். நான் அப்படிச் சிரிக்கமாட்டேன். எனக்கு உடுப்பு மாற்றும்போது என் அம்மாவே அறைக்குள் இருக்கக்கூடாது. நான் அப்படி ஒருத்தி. இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்கள் தம்பியிடமும் இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று என் சேலை மடிப்பு நழுவியது உங்களுக்கு நினைவிருக்கா? ஒருவரும் காணவில்லை. நீங்கள் கண்டுவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அந்த மண்டபத்துக்கும் இடையில் வந்து நின்று, குனிந்து, ஊசியைக் குத்திவிட்டுப் போய்விட்டீர்கள். அப்போது நீங்கள் மடிப்பைத்தான் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. அதற்கு நான் எவ்வளவு நன்றியாக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

அதனால் கேட்டேன். உங்களுக்காக இல்லை, எனக்காக. கதவைச் சாத்துகிற ஒருவர் எனக்கு வேண்டும்.

வராவிட்டால் கோபிக்கமாட்டேன். பயப்படுவேன், அவ்வளவுதான்.

சட்டை நல்லாகப் பொருந்துகிறது. கை உயர்த்த முடிகிறது.

தக்ஷாயினி


உன்னிச்சை,
11.08.2024

அன்புள்ள பிள்ளைக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. அறுவடை நேரம், வயல் வட்டைக்குள் ஆள் இல்லாமல் நானும் இறங்க வேண்டியதாகிவிட்டது. அதோடு உன் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான் என்று எழுத நினைத்து எழுதாமல் விட்டேன். என் கல்யாணத்தில் கதவு திறந்துதான் இருந்தது.

உன் கூறை இங்கே என் மடியில்தான் கிடக்கிறது. உன் சட்டைக்குத் துணியைப் போன மாதமே வெட்டி எடுத்தாயிற்று. பட்டில் கத்தரிக்கோல் வைக்கும்போது எனக்கு எப்போதும் மூச்சு நின்று வரும். கரைக்கு உள்ளே வைக்கும் துணியைக் கையால்தான் தைக்கிறேன், மெசினில் தைத்தால் பட்டு சுருங்கிவிடும். சரிகை விரலில் உராய்ந்து, தண்ணீர் பட்டால் எரிகிறது. பாரமான சேலை, மடியிலிருந்து எடுத்து வைத்த பிறகும் தொடையில் சூடு இருக்கும். முந்தானைக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தபோதுதான் பெரியம்மா வந்தார். வெற்றிலையோடு வந்து குந்தினார்.

"முடிஞ்சுதா?"

"முடியப் போகுது. பெரியம்மா, இதை ஆரு உடுத்திவிடுறது?"

"நான்தான். வேற ஆரு?"

"இதுல என்ட கை படாத இடம் எங்க இரிக்கி எண்டு காட்டுங்க."

"என்ன கதை கதைக்காய்?"

"இந்தக் கரை முழுக்க நான் தைச்சது. ஊசி குத்தி ரத்தம் வந்து, விரலை வாயில வெச்சிற்றுத் தைச்சன். குஞ்சம் ஒவ்வொண்டும் நான் முடிஞ்சது. என்ட கையில ஏதும் இருந்தா அது எப்பவோ இதுல ஏறியிருக்கும். அப்ப வேற கூறை வாங்கப் போறீங்களா?"

பெரியம்மா சப்புவதை நிறுத்திவிட்டார். சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தைக்கிறது வேற. உடுத்துறது வேற."

"என்ன வேற?"

"அது... வேறதான்" என்றார்.  எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன்.  எத்தனையோ பெண்களின் கூறையை இதே மடியில் வைத்துத் தைத்திருக்கிறேன், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை, நானும் யோசித்ததில்லை. உன் கூறையில்தான் அது வாயில் வந்தது.

அடுத்த நாள் காலையில் படலையில் நின்றுகொண்டே கூப்பிட்டுச் சொன்னார். "கதவுக்கு வெளியில நான் நிக்கிறன். உள்ள நீ என்னவும் செய்."

ஆகவே கவனமாகக் கேள். அன்று தலைக்கு எண்ணெய் அதிகம் வைக்காதே, சரிகையில் பட்டால் போகாது. கையில் கிரீம் பூசாதே. வீடியோக்காரனை உள்ளே விடமாட்டேன், அவன் வெளிச்சத்தையும் விடமாட்டேன். உன் அம்மாவிடம் முதலே சொல்லி வை, மனம் நோகக்கூடாது. ஊசிகளை நானே கொண்டுவருவேன், கடை ஊசி பட்டை இழுக்கும்.

மணவறையில் வந்து நில் என்று மட்டும் கேட்காதே. அறைக்குள் மட்டும்.

சீதேவி மச்சாள்


கல்லடி,
05.09.2024

அன்புள்ள மச்சாள்,

கல்யாணம் முடிந்து ஒரு வாரமாக விருந்தாட்கள். இன்றைக்குத்தான் இருக்க நேரம் கிடைத்தது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "சாப்பிட்டியா?" இல்லை என்றேன். காலையிலிருந்து ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நீங்கள் கைப்பையிலிருந்து பிஸ்கட் பக்கெற்றை எடுத்து, "சேலையைத் தொடுறதுக்கு முன்ன தின்னு. பொடி விழுந்தா உன்னைக் கொல்லுவன்" என்றீர்கள். முழு நகையோடும் நான் சுவரைப் பார்த்து நின்று பிஸ்கட் தின்றேன். நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூறையை விரித்தீர்கள். வெளியில் மேளம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு என்னவோ அழுகையும் வந்தது. "மை கரையும்" என்றீர்கள், திரும்பிப் பாராமலே.

பெரியம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "என்ன புள்ளையள், உள்ள இருந்து கூறை நெய்யிறீங்களா?"

அதற்கு நீங்கள், "பட்டுப்பூச்சிக்குத் தீன் போட்டுக்கொண்டு இரிக்கம்" என்றீர்கள். உங்களுக்கு இப்படியெல்லாம் கதைக்க வரும் என்று உங்கள் தம்பி எனக்குச் சொல்லவேயில்லை.

கொசுவம் மடிக்கும்போது நீங்கள் ஒரே மடிப்பை மூன்று தரம் குலைத்து மடித்தீர்கள். நான் கண்டேன்.   உங்கள் தலைக்கு மேலால் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் நிச்சயதார்த்தத்தன்று செய்தது போல.

கதவைத் திறந்ததும் பெரியம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். "ம். கரை நேராத்தான் நிக்குது" என்றார். அவ்வளவுதான். வழி விட்டார்.

பிறகு நான் திரும்பிப் பார்த்தேன், நீங்கள் இல்லை. மணவறையில் இருந்துகொண்டும் தேடினேன். நான் மட்டுமல்ல. தாலி கட்டும் நேரம் உங்கள் தம்பி எனக்கு மேலால் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர், "தம்பி, இஞ்சால பாருங்க. கழுத்து இந்தப் பக்கம் இரிக்கி" என்றார். சபை சிரித்தது. வீடியோவில் அது வந்திருக்கிறது.

வரமாட்டேன் என்று முதலே சொன்னீர்கள்தான். நான் கேட்கவும் இல்லை. இருந்தாலும் எங்கே நின்றீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நிலோஜனுக்கும் தெரிய வேண்டுமாம். பக்கத்தில் குந்திக்கொண்டு, 'நான் கேட்டதாக எழுது' என்கிறார். அவர் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார், ஆனால் பொழுதுபட்டால் உன்னிச்சைப் பக்கமே பார்க்கிறார். வெள்ளிக்கிழமை இருவரும் வருகிறோம்.

அன்புடன்,
தக்ஷாயினி


உன்னிச்சை,
15.09.2024

அன்புள்ள பிள்ளைக்கு, நிலோஜனுக்கும்,

வெள்ளிக்கிழமை நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் எங்கும் போகவில்லை. அந்த அறைக்குள்தான் நின்றேன். நீ களைந்த சேலை நிலத்தில் கிடந்தது. நல்ல பட்டு, அப்படியே விட்டுவிட்டு வர மனம் இல்லை. தனி ஆளாகப் பட்டு மடிப்பது கஷ்டம், ஒரு முனையை யன்னல் கம்பியில் கட்டிவிட்டு மடித்தேன். பாதி மடிக்கும்போது கெட்டிமேளம் கேட்டது. மடிப்புக் குலையாமல் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சத்தம் அடங்கிய பிறகுதான் மிச்சத்தை மடித்தேன். அழவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அழுதேன் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

நிலோஜனிடம் சொல், அவன் அறைப் பக்கம் பார்த்ததை நின்ற இடத்திலிருந்தே கதவு இடுக்கால் நானும் பார்த்தேன். உள்ளே நின்றே ஏசினேன், கேட்டிருக்காது.

வெள்ளிக்கிழமை நீங்கள் இருவரும் வந்து போன பிறகு வீடு இன்னும் பெரிதாகிவிட்டது. அவனுக்கு என்று ஒரு கோப்பை அரிசி கூடப் போட்டுவிட்டுப் பிறகு அள்ளி எடுக்கிறேன். அவனைக் காணாமல் ஏக்கமாக, சோட்டையாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் உன்னைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்தேன். பழகிவிடும்.

பெரியம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், என்ன கொசுவம், என்ன மடிப்பு என்று, தானே உடுத்தியது போல. நான் பேசாமல் இருக்கிறேன்.

நேற்று குளக்கட்டுப் பக்கத்து வீட்டு தனுஷியாவின் தாய் வந்தார். தனுஷியாவுக்குத் தையில் கல்யாணம். சட்டை தைக்கத் துணி கொண்டுவந்தார் என்றுதான் நினைத்தேன். துணியைத் தந்த பிறகும் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளைக்குப் பொம்புளைச் சகோதரம் இல்லையாம்" என்றார்.

"ஓ" என்றேன்.

"இவள் சொல்றாள், கதவைச் சாத்திற்றுத்தான் உடுத்துவாளாம். எங்க கேள்விப்பட்டாளோ தெரியா. இந்தக் காலத்துப் புள்ளையள்." கொஞ்சம் நின்றார். "நீ உன்ட தம்பி பொஞ்சாதிக்கு உடுத்தின மாதிரி..."

 நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  மெசினில் ஒரு சட்டைக் கை பாதியில் கிடந்தது. அதைத் தைத்து முடித்து, நூலைக் கடித்து அறுத்தேன்.

எத்தனை மணிக்கு வரவேணும் என்று கேட்டேன்.

சீதேவி மச்சாள்